சூபாக்காவுக்காக ஒரு சண்டை





இந்த மாதம் நமக்கு வந்த கடிதங்களில் பெரும்பகுதி ஒரே நாவலைப் பற்றியவை. அந்தக் கடிதங்களில் பெரும்பகுதி அந்த நாவலில் வரும் ஒரே ஒரு சாவை, ஹான் சோலோவின் தோழர் சூபாக்காவின் சாவைப் பற்றியவை. சென்ற இதழில் ‘வெக்டர் பிரைம்’ நாவல் குறித்து வந்த கட்டுரைதான் இதற்குக் காரணம். ஸ்டார் வார்ஸ் வரிசையில் 1999 அக்டோபரில் வெளிவந்த நாவல் அது. எழுதியவர் ஆர்.ஏ. சல்வடோர். கால் நூற்றாண்டு கடந்த பிறகும் அந்த நாவல் இப்படிச் சூடு குறையாமல் இருப்பதைப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது.

வந்த கடிதங்களில் இரண்டை அடுத்தடுத்து வைத்துப் படித்தேன். “அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிட்டேன். அதற்குப் பிறகு அந்த வரிசையில் ஒரு நூலையும் தொடவில்லை” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். “அந்தப் பக்கத்தில்தான் இந்த வரிசையை மதிக்கத் தொடங்கினேன்” என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். இருவரும் சொல்வது ஒரே பக்கத்தைத்தான். இரண்டு கடிதங்களிலும் கோபத்துக்கும் குறைவில்லை, அன்புக்கும் குறைவில்லை. மூன்றாவதாக ஒரு கல்லூரி மாணவி, “படத்தில் சூபாக்கா நன்றாகத்தானே இருக்கிறார்? யாருக்காக இத்தனை பேர் அழுகிறீர்கள்?” என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அவருக்குப் பதில் சொல்வதென்றால் கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்தே தொடங்க வேண்டும்.

ஸ்டார் வார்ஸ் நாவல்கள் திரைப்படத்தின் நிழலில் பிறந்தவை. முதல் படம் 1977 மே மாதம் வந்தது. அதன் நாவல் வடிவம் படத்துக்குச் சில மாதங்கள் முன்னதாகவே கடைக்கு வந்துவிட்டது. அட்டையில் ஜார்ஜ் லூக்காஸ் பெயர் இருந்தாலும் எழுதியவர் ஆலன் டீன் ஃபாஸ்டர். அவரே 1978-இல் ‘ஸ்ப்ளிண்டர் ஆஃப் த மைண்ட்ஸ் ஐ’ என்ற தொடர்ச்சியை எழுதினார். முதல் படம் சுமாராக ஓடினால், குறைந்த செலவில் அடுத்த படமாக எடுத்துவிடலாம் என்ற திட்டத்தோடு எழுதப்பட்டது அது. அதனால்தான் கதை பனிமூட்டம் சூழ்ந்த ஒரு கிரகத்தில் நடக்கிறது. மூட்டத்துக்குப் பின்னால் அரங்கம் அமைக்கும் செலவு மிச்சம். ஹாரிசன் ஃபோர்டு அடுத்த படத்துக்கு ஒப்பந்தமாகாததால் ஹான் சோலோ அந்த நாவலில் வருவதே இல்லை. எந்தப் பாத்திரம் வரலாம், எது வரக்கூடாது என்பதைக் கதைக்கு வெளியே உள்ள காரணங்கள் தீர்மானிக்கும் வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது.

பிறகு படங்களும் முடிந்தன, நாவல்களும் ஏறக்குறைய நின்றன. 1991-இல் டிமோதி ஸானின் ‘ஏர் டு த எம்பயர்’ வந்தபோதுதான் இந்த உலகம் மறுபடி விழித்தது. நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்த நாவல் அது. த்ரான் என்ற நீலத்தோல் தளபதியும் மாரா ஜேட் என்ற பெண்ணும் வாசகர்கள் மனத்தில் திரையில் வந்த பாத்திரங்களுக்கு ஈடாக இடம் பிடித்தார்கள். அடுத்த எட்டு ஆண்டுகளில் பாண்டம் பதிப்பகம் வரிசையாக நாவல்களைக் கொண்டுவந்தது. படங்களின் நாயகர்களான ஹானும் லேயாவும் மணந்துகொண்டார்கள். ஜைனா, ஜேசன் என்ற இரட்டையரும் அனகின் என்ற கடைக்குட்டியும் பிறந்தார்கள். லேயாவின் சகோதரர் லூக்கும் மாரா ஜேடும் மணந்துகொள்ள முடிவெடுத்தார்கள். படங்கள் மௌனமாக இருந்த காலத்தில் அந்தக் குடும்பத்தை வளர்த்தவை நாவல்களே.

வளர வளர ஒரு முணுமுணுப்பும் வளர்ந்தது. ஒவ்வொரு நாவலிலும், படங்களில் வீழ்ந்த பேரரசின் மிச்சசொச்சமாக ஒரு தளபதி வருவார். இல்லையென்றால் கிரகத்தையோ சூரியனையோ அழிக்கவல்ல புதிய ஆயுதம் ஒன்று வரும். கடைசி அத்தியாயத்தில் எல்லாரும் பத்திரமாக வீடு திரும்பிவிடுவார்கள். அட்டையில் லூக்கின் முகத்தைப் பார்த்ததுமே அவர் பிழைத்துக்கொள்வார் என்று தெரிந்துவிடும். ஆபத்து எத்தனை பெரியதாக இருந்தாலும் அது யாரையும் தீண்டாது என்று தெரிந்தபின் பக்கத்தைப் புரட்டுகிற வேகம் குறையத்தானே செய்யும்?

1999-இல் நாவல் உரிமம் டெல் ரே பதிப்பகத்துக்குக் கைமாறியது. அவர்கள் வேறொரு வழியில் யோசித்தார்கள். தனித்தனிச் சாகசங்களை விட்டுவிட்டு, பல எழுத்தாளர்கள் சேர்ந்து சொல்லும் ஒரே நெடுங்கதை. ‘நியூ ஜெடாய் ஆர்டர்’ என்று பெயர். 2003-இல் ஜேம்ஸ் லூசினோவின் ‘த யூனிஃபையிங் ஃபோர்ஸ்’ நாவலோடு முடிந்தபோது மொத்தம் 19 நாவல்கள். எதிரிகளும் புதியவர்கள்: விண்மீன் மண்டலத்துக்கு வெளியிலிருந்து படையெடுத்து வரும் யூஷான் வாங். இயந்திரம் என்பதே அவர்களுக்குத் தெய்வ நிந்தனை. கப்பல், ஆயுதம், தொலைபேசி என எல்லாமே உயிருள்ள பிராணிகள். ஜெடாய் வீரர்களால் ‘ஃபோர்ஸ்’ என்ற ஆற்றலின் வழியாக அவர்களை உணரவே முடியாது.

இந்த முறை ஆபத்து நிஜம் என்று வாசகர்களை நம்ப வைக்க வேண்டும். அதற்கு, முதல் நாவலிலேயே மூத்த பாத்திரங்களில் ஒருவரை இழக்க வேண்டும் என்று முடிவாயிற்று. யாரை? லூக்கைத் தொடக்கூடாது என்று லூக்காஸ் தரப்பு சொல்லிவிட்டது. பேச்சுவார்த்தையில் இருந்த டார்க் ஹார்ஸ் காமிக்ஸ் நிறுவனத்தின் ஆசிரியர் ராண்டி ஸ்ட்ராட்லி சூபாக்காவின் பெயரை முன்வைத்தார். அது நிலைத்துவிட்டது. டிரிஸ்ட் என்ற கறுப்பு எல்ஃப் வீரனின் கதைகளால் கற்பனைப் புனைவு வாசகர்களிடம் ஏற்கெனவே புகழ்பெற்றிருந்த சல்வடோரிடம் எழுதும் பொறுப்பு வந்தது. யார் சாக வேண்டும் என்ற முடிவு அவர் எடுத்ததல்ல. அதை எழுதும் கை மட்டுமே அவருடையது.

இனி அந்தப் பக்கங்கள். ஹானின் நண்பர் லாண்டோ கொடுத்த ஒரு வேலைக்காக ஹான், சூபாக்கா, பதின்ம வயது அனகின் மூவரும் செர்ன்பிடால் என்ற கிரகத்தில் இறங்குகிறார்கள். அங்கே டோபிடோ என்ற நிலவு சுற்றுக்குச் சுற்று கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. படையெடுப்பாளர்கள் தரையில் விட்டுச் சென்ற, ஈர்ப்பு விசையை ஆளும் ஒரு பிராணி அதை இழுத்துக்கொண்டிருக்கிறது. நகரமே தப்பிக்க ஓடுகிறது. ஹானின் மில்லேனியம் ஃபால்கன் கப்பலில் எத்தனை பேரை ஏற்ற முடியுமோ ஏற்றுகிறார்கள். கடைசிக் கணத்திலும் சூபாக்கா வெளியே மற்றவர்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். அனகினைக் கப்பலுக்குள் சேர்த்துவிட்டுத் தான் வெளியே மாட்டிக்கொள்கிறார். இப்போது கப்பலை ஓட்டுவது அனகின். திரும்பிப் போனால் ஏறியிருக்கும் அத்தனை பேரும் சாவார்கள். அந்தச் சிறுவன் கப்பலைத் திருப்பி மேலே ஏற்றிவிடுகிறான். இடிபாடுகளுக்கு நடுவே நின்று, விழும் நிலவை நோக்கிக் கைகளை உயர்த்திக் கர்ஜிக்கிறார் சூபாக்கா. ஹான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இந்த இடத்தில்தான் நம் வாசகர்கள் பிரிகிறார்கள்.

முதல் அணியின் வாதம் இது. ஸ்டார் வார்ஸ் என்பது அடிப்படையில் ஒரு தேவதைக் கதை. அதில் நல்லவர்கள் துன்பப்படலாம், ஆனால் அந்தப் பழைய தோழர் கூட்டம் குலையக்கூடாது. குடும்பத்தோடு உட்கார்ந்து ரசித்த ஒன்றில், புத்தக விற்பனைக்காக ஒரு பெரிய சாவை நுழைத்தது துரோகம். அதிலும் சூபாக்காவையா? அவர் இனத்தவரான வூக்கிகள் நூற்றாண்டுக் கணக்கில் வாழ்பவர்கள். முதல் படத்திலேயே அவருக்கு வயது இருநூறு. ஹானைப் புதைத்துவிட்டு, ஹானின் பேரப்பிள்ளைகளையும் காத்துக்கொண்டிருப்பார் என்று நாம் நினைத்திருந்த தோழர் அவர். “முதல் படத்தின் முடிவில் ஹானுக்கும் லூக்குக்கும் பதக்கம் போட்டார்கள், அவருக்கு மட்டும் போடவில்லை. பதக்கமும் தராமல் கொன்றும்விட்டார்கள்” என்று ஒருவர் எழுதியிருப்பதைப் படித்துச் சிரித்தேன். சிரித்தாலும் அவர் சொல்வதில் உள்ள வலி புரிந்தது.

இரண்டாவது அணிக்கு இது எதுவும் ஏற்பில்லை. சாவே வராத போர்க்கதை எப்படிப் போர்க்கதை ஆகும் என்பது அவர்கள் கேள்வி. இறந்தவர் மூத்தவர், வீரர், தன் விருப்பத்தோடு அடுத்தவரைக் காப்பாற்றிவிட்டுச் சாகிறார். அவரை வீழ்த்த ஒரு எதிரியின் துப்பாக்கி போதவில்லை, ஒரு நிலவே விழ வேண்டியிருந்தது. இதைவிட மரியாதையான முடிவு ஒரு வூக்கிக்கு உண்டா? ஹானிடம் பட்ட உயிர்க்கடனை ஹானின் மகனைக் காப்பாற்றித் தீர்க்கிறார். கடன் கணக்கு இப்படி முடிவது கதையின் நியாயம் என்கிறார்கள் இவர்கள்.

சாவை ஏற்றுக்கொண்டு நாவலை ஏற்காத மூன்றாவது கூட்டம் ஒன்றும் இருக்கிறது. இவர்களுடைய கடிதங்கள்தான் நீளமானவை. முதல் பாதியில் புதிய எதிரிகளை அறிமுகப்படுத்துவதிலேயே பக்கங்கள் கரைகின்றன, பெல்கடான் ஆய்வு நிலையத்துக் காட்சிகளில் வருபவர்கள் யாரும் மனத்தில் தங்கவில்லை, பனிக்கிரகத்தில் நடக்கும் இறுதிப் போர் மிக எளிதாக முடிகிறது என்று குறைகளை வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். யூஷான் வாங்குகள் ஸ்டார் வார்ஸுக்கே பொருந்தாதவர்கள் என்பதும் இவர்களில் பலருடைய கருத்து. ‘ஃபோர்ஸ்’ எல்லா உயிரையும் பிணைப்பது என்று சொல்லிவிட்டு, அதற்கு அகப்படாத உயிர்களைக் கொண்டுவருவது தர்க்கமா என்று கேட்கிறார்கள். அதற்கு நேர்மாறாக, அந்தப் பொருந்தாமைதான் அவர்களைப் பயங்கரமாக்குகிறது என்று எழுதியவர்களும் உண்டு. ஜெடாய்கள் முதல்முறையாகக் கண்ணைக் கட்டிக்கொண்டு போரிட வேண்டியிருக்கிறதல்லவா?

இந்தக் கடிதங்களைத் தொடர்ந்து படித்தபோது ஒன்று பிடிபட்டது. நாவல் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் இந்த வரிசை தனக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறது என்று ஒவ்வொரு வாசகரும் மனத்துக்குள் வைத்திருக்கும் கணக்கு வேறு. படங்களின் வழியாக வந்தவர்களுக்குக் கிடைத்த வாக்கு, ‘இந்தத் தோழர்களிடம் எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம்’ என்பது. 1991-க்குப் பிறகு நாவல்களின் வழியாக வந்தவர்களுக்குக் கிடைத்த வாக்கு, ‘இவர்கள் வளர்வார்கள், மூப்படைவார்கள், இது ஒரு வரலாறு’ என்பது. வரலாறு என்றால் அதில் சாவும் உண்டு. சல்வடோரின் நாவல் இரண்டாவது வாக்கைக் காப்பாற்ற முதல் வாக்கை முறித்தது. ஒரு சாராருக்குத் துரோகமாகவும் இன்னொரு சாராருக்கு நாணயமாகவும் அது தெரிந்ததில் வியப்பில்லை. இரு தரப்பும் பொய் சொல்லவில்லை.

சூபாக்காவைத் தேர்ந்தெடுத்ததில் இன்னொரு கோணமும் இருக்கிறது. நம் கட்டுரை அதைத் தொடவில்லை என்பதால் இங்கே சொல்கிறேன். திரையில் சூபாக்கா என்பது 7 அடி 3 அங்குல உயரம் கொண்ட பீட்டர் மேஹ்யூவின் நடையும் தலைசாய்ப்பும். ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட் கரடி முதலிய விலங்குகளின் குரல்களைக் கலந்து உருவாக்கிய உறுமல். அதற்கு ஹான் சொல்லும் பதில். இவை மூன்றும் சேர்ந்தால்தான் அந்தப் பாத்திரம். நாவலில் இவற்றில் எதுவும் கிடையாது. ‘சூபாக்கா உறுமினார்’ என்று எழுதலாம். அடுத்த பக்கத்திலும் அதையே எழுதலாம். லூக்காஸ்ஃபிலிம் நிறுவனத்தில் கதைத் தரவுகளைப் பராமரித்த லீலண்ட் சீ, பின்னாளில் ஒரு பேட்டியில் இதை ஒப்புக்கொண்டிருக்கிறார்: உறுமலால் மட்டுமே பேசும் பாத்திரத்தை நாவலில் எழுதுவது கடினமாக இருந்தது என்று.

இதை வைத்துப் பார்த்தால் இரு அணிகளின் வலியும் ஏன் சமமாக இல்லை என்பது விளங்கும். திரைப்பட ரசிகர் இழந்தது உருவமும் குரலும் கொண்ட ஒரு முழு ஆளை. நாவல் வாசகருக்கோ, எத்தனையோ நூல்களில் ஓரமாக நின்ற ஒருவர், அந்தச் சாவில்தான் முதல்முறையாகக் கதையின் நடுவுக்கு வந்தார். ஒருவருக்கு முடிவாகத் தெரிந்தது இன்னொருவருக்கு வருகையாகத் தெரிந்திருக்கிறது.

ஆசிரியர் என்ன நினைக்கிறார் என்று சிலர் நேராகவே கேட்டிருக்கிறீர்கள். மழுப்பாமல் சொல்கிறேன். மூன்றாவது கூட்டத்தின் குறைகளில் பாதியை நானும் ஏற்கிறேன். நாவலின் முதல் பாதி மெதுவாக நகர்கிறது, எதிரிகளின் தலைவர்கள் ஒருவருக்கொருவர் வேறுபாடு தெரியாமல் போகிறார்கள். ஆனால் செர்ன்பிடால் அத்தியாயம் வேறு தரம். ஒரு சாவு நியாயமானதா என்பதை அந்தப் பக்கத்தில் அளக்கக்கூடாது, அடுத்த பக்கங்களில் அளக்க வேண்டும் என்பது என் எண்ணம். அதிர்ச்சிக்காக மட்டும் கொல்கிற எழுத்தாளர் அடுத்த அத்தியாயத்திலேயே மறந்துவிடுவார். இங்கே அப்படி நடக்கவில்லை. ஹான் தன் மகனைப் பார்த்து, சூபாக்காவை விட்டுவிட்டு வந்தாயே என்று பழி சொல்கிறார். ஒரு தந்தை சொல்லக்கூடாத சொல் அது. நகரத்து மக்களைக் காப்பாற்றிய சிறுவன் அந்தச் சொல்லைச் சுமக்கிறான். அடுத்து 2000-இல் லூசினோ எழுதிய இரண்டு நாவல்களில் ஹான் வீட்டை விட்டு விலகி, மனைவியிடமும் பேசாமல் அலைகிறார். சிரித்துக்கொண்டே எல்லா ஆபத்தையும் கடந்து வந்த மனிதரால் இதைக் கடக்க முடியவில்லை. 2001-இல் ட்ராய் டென்னிங் எழுதிய ‘ஸ்டார் பை ஸ்டார்’ நாவலில் அனகினே போரில் இறக்கிறான். தந்தையின் அந்தப் பழிச்சொல் அப்போது வேறொரு எடையோடு திரும்பி வருகிறது. ஒரு சாவு இத்தனை தூரம் பின்விளைவோடு பயணம் செய்தால், அதை விற்பனைத் தந்திரம் என்று மட்டும் ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. விற்பனைத் தந்திரமும் அதில் இருந்தது என்பதை மறுக்கவும் மாட்டேன்.

முதல் அணியைச் சேர்ந்தவர்கள் இதற்கு மறுமொழி எழுதுவீர்கள் என்று தெரியும். எழுதுங்கள்.

கருத்து வேறுபாட்டின் எல்லை பற்றியும் ஒரு சொல். நாவல் வெளிவந்த காலத்தில் சல்வடோருக்கு வசைக் கடிதங்கள் குவிந்தன. கொலை மிரட்டலும் வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். இல்லாத ஒரு வூக்கிக்காக, இருக்கிற ஒரு மனிதரை மிரட்டியிருக்கிறார்கள். முடிவு எடுத்தவரும் அவர் இல்லை. இத்தகைய வரிசைகளில் உரிமையாளர் ஒருவர், பதிப்பாளர் ஒருவர், திட்டம் போடும் குழு ஒன்று, எழுதுபவர் ஒருவர் என்று பலர் இருக்கிறார்கள். ஆனால் அட்டையில் இருப்பது எழுதுபவரின் பெயர் மட்டும்தான். கல் வந்து விழுவதும் அந்தப் பெயர் மீதுதான். நமக்கு வந்த கடிதங்களில் அப்படி ஒரு சொல்லும் இல்லை என்பதில் எனக்குப் பெருமை. நாவலைக் கிழித்துத் தோரணம் கட்டியவர்கள்கூட எழுத்தாளரை மரியாதையோடுதான் குறிப்பிட்டிருக்கிறீர்கள்.

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். 2014 ஏப்ரல் 25 அன்று லூக்காஸ்ஃபிலிம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அதுவரை வந்த நாவல்களும் காமிக்ஸ்களும் பெரும்பாலும் இனி ‘லெஜண்ட்ஸ்’ என்ற தனித் தலைப்பின் கீழ் வரும்; புதிய படங்கள் அவற்றுக்குக் கட்டுப்பட மாட்டா. ஒரே நாளில் ‘வெக்டர் பிரைம்’ அதிகாரபூர்வக் கதையிலிருந்து வெளியேறியது. சூபாக்கா உயிர்த்தெழுந்தார். சொல்லப்போனால், அவருக்காகவே இந்த அறிவிப்பு தேவைப்பட்டது என்றுகூடச் சொல்லலாம். நிலவு விழுந்து சூபாக்கா இறந்துபோன ஒரு கதையை வைத்துக்கொண்டு புதிய படம் எடுக்க முடியாது என்பது பழையதை ஒதுக்கியதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று அதே லீலண்ட் சீ சொல்லியிருக்கிறார். 1999-இல் ஒரு பதிப்பகம் எடுத்த முடிவு, கடைசியில் அந்தப் பதிப்பக நாவல்களில் பெரும்பாலானவற்றை வேறொரு அலமாரிக்கு அனுப்பிவிட்டது.

2015 டிசம்பரில் ‘த ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்’ வந்தது. அதில் இறப்பவர் ஹான். அவரைக் கொல்பவன் அவருடைய மகன். பார்த்துக்கொண்டு நிற்பவர் சூபாக்கா. நாவலில் நடந்தது அப்படியே தலைகீழாகிவிட்டது. அதற்குப் பிறகு வரும் காட்சியில் துக்கத்தோடு திரும்பி வரும் சூபாக்காவைக் கடந்து போய், சற்று முன்தான் ஹானைச் சந்தித்திருந்த ரே என்ற இளம்பெண்ணை லேயா அணைத்துக்கொள்கிறார். ரசிகர்கள் கொதித்தார்கள். அது தவறாகிவிட்டது என்று இயக்குநர் ஜே.ஜே. ஏப்ரம்ஸே பின்னர் ஒப்புக்கொண்டார். நண்பனை இழந்த ஹானுக்கு நாவல்கள் இரண்டு முழுப் புத்தகங்களைக் கொடுத்தன. நண்பனை இழந்த சூபாக்காவுக்குப் படம் ஓர் அணைப்பைக்கூடக் கொடுக்கவில்லை. எது அதிகாரபூர்வக் கதை என்பதை உரிமையாளர் தீர்மானிக்கலாம். எது சூபாக்காவுக்கு நியாயம் செய்த கதை என்பதை வாசகரிடமிருந்து பறிக்க முடியாது. அவருக்கு வர வேண்டிய பதக்கமும் 2019-இல் வந்த ‘த ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்’ படத்தில்தான் கைக்கு வந்தது. நம் வாசகர் இதைக் கேட்டுக் கொஞ்சம் ஆறுதல் அடையட்டும்.

ஆக, அந்த மாணவிக்கு என் பதில்: நீங்கள் பார்த்த சூபாக்காவும் உண்மை, மற்றவர்கள் இழந்த சூபாக்காவும் உண்மை. ஒரு பாத்திரத்துக்கு இரண்டு முடிவுகள், ஒன்று அச்சில், இன்னொன்று திரையில். தமிழ் வாசகர்களுக்கு இது புதிதும் அல்ல. ஜெயகாந்தனின் ‘அக்னிப் பிரவேசம்’ 1966-இல் ஆனந்த விகடனில் வந்தபோது, கெடுக்கப்பட்ட மகளைத் தாய் தலைக்கு நீரூற்றி ஏற்றுக்கொள்ளும் அந்த முடிவைப் பற்றி வாசகர்கள் எப்படி மோதிக்கொண்டார்கள் என்பதை மூத்த வாசகர்கள் அறிவீர்கள். ஜெயகாந்தன் என்ன செய்தார்? அதே மழைநாள், அதே பெண். ஆனால் தாய் அலறி ஊரைக் கூட்டிவிட்டால் என்ன ஆகும் என்று எடுத்துக்கொண்டு ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலை எழுதினார். முதல் முடிவை அவர் திரும்பப் பெறவில்லை. இரண்டாவது முடிவுக்கு மன்னிப்பும் கேட்கவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு நம்மால் வாழ முடிந்திருக்கிறது. ஒரு வேறுபாட்டை மட்டும் கவனியுங்கள். அங்கே இரண்டு பாதைகளையும் போட்டவர் எழுத்தாளர் ஒருவரே. இங்கே முதல் பாதையை மூடியது ஒரு நிறுவனத்தின் அறிவிப்பு. வாசகர்களின் கோபம் இன்னும் ஆறாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கடிதங்களுக்குத் திரும்புகிறேன். எனக்கு மிகவும் உதவிய கடிதங்களில் ஒரு பொதுத்தன்மை இருந்தது. அவை ‘பிடித்தது’, ‘பிடிக்கவில்லை’ என்பதோடு நிற்கவில்லை. எந்தப் பக்கத்தில், எந்தப் பாத்திரம் சொன்ன எந்தச் சொல்லில் தங்கள் மனம் திரும்பியது என்று சுட்டிக்காட்டின. ஒருவர், ஹானின் பழிச்சொல்தான் தன்னால் தாங்க முடியாதது, சூபாக்காவின் சாவு அல்ல என்று எழுதியிருந்தார். அதைப் படித்தபின் அந்த அத்தியாயத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். இன்னொருவர், ஜேசனும் அனகினும் ‘ஃபோர்ஸ்’ ஒரு கருவியா, உள்நோக்கிய பயணமா என்று வாதிடும் இடங்களே இந்த நாவலின் உயிர், எல்லாரும் நிலவைப் பார்த்துக்கொண்டு அவற்றைத் தவறவிட்டுவிட்டீர்கள் என்று நம் கட்டுரையாளரையும் சேர்த்து ஒரு பிடி பிடித்திருக்கிறார். அவர் சொல்வதில் பொருள் இருக்கிறது. இரு சகோதரர்களும் பின்னால் போகும் திசைகளுக்கு விதை அந்த வாக்குவாதத்தில்தான் இருக்கிறது. என் கருத்தோடு ஒத்துப்போகாத கடிதங்களே எனக்கு நாவலை மறுபடி திறந்து காட்டின.

ஆகவே இந்த இதழில் ஒரு சிறு ஏற்பாடு செய்திருக்கிறோம். மேலே நான் குறிப்பிட்ட அந்த இரண்டு கடிதங்களையும், புத்தகத்தை மூடியவருடையதையும் மதிக்கத் தொடங்கியவருடையதையும், கடிதப் பகுதியில் எதிரெதிர்ப் பக்கங்களில் வெட்டாமல் அப்படியே அச்சிட்டிருக்கிறோம். இரண்டுக்கும் நடுவில் ஆசிரியர் குறிப்பு எதுவும் இல்லை. தீர்ப்புச் சொல்லும் ஆசையை அடக்கிக்கொண்டேன். என் பங்கை இந்தப் பக்கத்திலேயே பேசித் தீர்த்துவிட்டேன் அல்லவா?

அடுத்த இதழுக்கு ஒரு கேள்வி. நீங்கள் தொடர்ந்து படித்த ஏதாவது ஒரு வரிசையில், துப்பறியும் கதையோ சரித்திரக் கதையோ விண்வெளிக் கதையோ, ஒரு பாத்திரத்தின் சாவு உங்களை அந்த வரிசையிலிருந்து விலக்கியதா, இன்னும் நெருக்கமாக்கியதா? எந்தக் கதை, எந்த இடம், ஏன் என்று எழுதுங்கள். இரண்டு பக்கத்துக்கு மிகாமல் இருந்தால் அச்சுக்கோப்பவர்கள் உங்களை வாழ்த்துவார்கள். நூலைப் படித்து முடித்துவிட்டு எழுதுங்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள். பாதியில் மூடியவர்கள் எந்தப் பக்கத்தில் மூடினீர்கள் என்பதைச் சொன்னால் போதும், அதுவும் ஒரு விமர்சனம்தான்.

சண்டை தொடரட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்